சிறு விமானத்தின் எரிபொருள் டேங்க் கசிந்தால்: அரைகுறை ரிப்பேர் செய்யும் சேதமும் முறையான வேலையும்

இறக்கைக்கு அடியில் நீலக் கறை தென்பட்டதும் விமானச் சொந்தக்காரருக்கு முதலில் தோன்றுவது, "கொஞ்சம் சீலன்ட் வாங்கி வெளியிலிருந்து பூசிவிட்டால் போதாதா?" என்பதுதான். சீலன்ட் என்பது இணைப்புகளில் பூசிக் கசிவை அடைக்கும் பசை. அது போதாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வர்ஜீனியா விமானத்தளத்தின் உப்புக்காற்றில் நான் பிரித்துப் பார்த்த டேங்குகளில், கசிவால் கெட்டவற்றைவிட கசிவை அடைக்கப்போய்க் கெட்டவைதான் அதிகம்.

குவாசுலு-நட்டால் பக்கம் நம்மவர்களில் சிலர் நான்கைந்து பேராகப் பங்கு போட்டுப் பழைய செஸ்னாவோ பைப்பரோ வைத்திருக்கிறார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் பிள்ளைகள் ஹேங்கருக்கு வேலை கற்க வருகிறார்கள். இரு தரப்பையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகைச்சான்றிதழ், அதாவது மாடலின் வடிவமைப்புக்கு அரசு ஒப்புதல், பெற்ற விமானத்தின் டேங்கைத் திறந்து வேலை செய்வது சொந்தக்காரர் வீட்டு வேலை அல்ல. தென்னாப்பிரிக்க சிவில் விமான ஆணையத்தின் விதிகளில் பகுதி 43 பராமரிப்பைப் பற்றியது. அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம் செய்ய வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் வேலை சரியாக நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று கேட்கும் அளவுக்குச் சொந்தக்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பணம் மட்டுமல்ல, உயிரும் அவருடையது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2005 டிசம்பர் 19 அன்று மயாமியிலிருந்து பிமினி தீவுக்குக் கிளம்பிய சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸின் கிரம்மன் மல்லார்ட் கடல் விமானம் மேலே ஏறிய சற்று நேரத்தில் வலது இறக்கை பிய்ந்து கடலில் விழுந்தது. இருந்த 20 பேரும் இறந்தார்கள். விமானம் 1947இல் கட்டப்பட்டது. அதன் இறக்கைக்குள்ளேயேதான் எரிபொருள். இறக்கையில் உலோகச் சோர்வால், அதாவது பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் பலவீனமானதால், விரிசல் விட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் விமானங்களில் எரிபொருள் கசிவது அடிக்கடி நடந்திருக்கிறது, கசிந்தபோதெல்லாம் சீலன்ட் பூசியிருக்கிறார்கள். விரிசலை மூடியபடி சீலன்ட் இருந்ததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையாளர்கள் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். கசிவை நிறுத்துவது ஒன்றே வேலை என்று நினைத்திருப்பார்கள். எங்கே கசிகிறது என்பதோடு நின்றுவிடாமல், ஏன் கசிகிறது என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் சீலன்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: உங்கள் விமானத்தில் இருப்பது எந்த வகை டேங்க்?

மூன்று வகை. இறக்கையின் ஒரு பகுதியையே உள்ளே சீல் செய்து டேங்காக்கியிருப்பது முதல் வகை. மூனி எம்20 விமானங்களும் 1979க்குப் பிந்தைய செஸ்னா 182களும் இப்படித்தான். அடுத்தது ரப்பர் பை, அதாவது பிளாடர். அதற்கு முந்தைய 182களில் பலவற்றிலும் பீச்கிராஃப்ட் பொனான்சாவிலும் பார்க்கலாம். மூன்றாவது, தனியாகக் கழற்றக்கூடிய அலுமினிய டேங்க். பைப்பர் செரோக்கியில் வரிசையாக ஸ்க்ரூ அடித்து இறக்கையின் முன்பக்கத்தோடு பொருத்தியிருப்பது இதுதான்.

ஒன்றுக்குச் செய்யும் வேலையை மற்றொன்றுக்குச் செய்தால் நிச்சயம் கெடும். பிளாடர் ஓட்டைக்கு இறக்கைத் தகட்டின் வெளியே பூசி என்ன பயன்? பெட்ரோல் பைக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கி, இறக்கைக்குள் ஆவி நிரம்பும். எந்த வகை என்று ஊகிக்காமல் அந்தந்த வரிசை எண்ணுக்கான சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

படி 2: கசிவை அளந்து வையுங்கள்

கறையைத் துடைத்துக் காயவைத்து, 30 நிமிடம் கழித்து எவ்வளவு நனைந்திருக்கிறது என்று அளப்பதுதான் வழக்கமான முறை. விட்டம் முக்கால் அங்குலம் வரை என்றால் வெறும் கறை. முக்காலிலிருந்து ஒன்றரை அங்குலம் என்றால் கசிவு. ஒன்றரையிலிருந்து நான்கு என்றால் கடுங்கசிவு. சொட்டினாலோ வழிந்து ஓடினாலோ அது ஒழுகல், அதோடு விமானம் எழும்பக் கூடாது.

அளவு சிறிதாக இருந்தாலும் இடம் மோசமாக இருந்தால் பறக்கக் கூடாது. திறந்த வெளியில் காற்று படும் இடத்தில் இருக்கும் சின்னக் கறையைக் குறித்து வைத்துக் கவனிக்கலாம். அதே கறை இறக்கை விமான உடலோடு சேரும் அடிவாரத்தில், மின்கம்பி ஓடும் மூடிய இடத்தில் இருந்தால் ஆவி வெளியேற வழியில்லை. அதைச் சரிசெய்யாமல் பறக்கக் கூடாது.

படி 3: மூலத்தைத் தேடுங்கள்

மலிவான இடங்களை முதலில் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், வடிகால் வால்வு, டேங்குக்குள்ளிருந்து அளவுமானிக்கு அளவை அனுப்பும் கருவியின் கேஸ்கட், ஹோஸ் கிளாம்ப். பறக்கும்போது இறக்கையின் மேற்பரப்பில் காற்றழுத்தம் குறைவு. மூடியின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் மேலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டுப் பின்னோக்கி வழியும். தரையில் நிற்கும்போது ஒன்றுமே தெரியாது. சில ரேண்ட் ரப்பர் வளையத்துக்காக டேங்கையே பிரித்தவர்கள் உண்டு.

அங்கெல்லாம் இல்லையென்றால் தகடுகள் சேரும் தையல்களுக்கு வருவோம். பெட்ரோல் வெளியே எட்டிப்பார்க்கும் இடமும் உள்ளே ஓட்டை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பின் நடுவே அது ஒரு சாண், இரண்டு சாண் ஓடி வந்து தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட் ஏதோ ஒன்றின் ஓரமாக வெளிப்படும். அந்த ரிவெட்டின் மேல் பூசினால் அடுத்த ரிவெட்டில் வரும். அதன்மேலும் பூசினால் அதற்கடுத்ததில். ஒரு வரிசை முழுக்கச் சாம்பல் நிறப் பொட்டுகள் வைத்த இறக்கை உங்களிடம் இருந்தால் நடந்தது இதுதான்.

தேடும் முறை எளிது. வெளிப்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து, டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பெட்ரோல் தொட்ட இடம் உடனே நிறம் மாறும். எந்தப் புள்ளி முதலில் நனைகிறது என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள், டீ குடிக்கப் போய்விடாதீர்கள். உள்ளே மூலத்தைப் பிடிக்க, டேங்கைக் காலி செய்து ஆவி போக்கிய பிறகு, வெளியே கசிந்த புள்ளியில் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, உள்ளே சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

இப்போதுதான் ஏன் என்ற கேள்வி. அந்த ரிவெட் தளர்ந்திருக்கிறதா? தளர்ந்த ரிவெட்டின் பின்னால் கரும்புகை போன்ற தடம் இருக்கும். சமீபத்தில் கடினமாக இறங்கினார்களா? மண் ஓடுபாதைப் பண்ணைக்குப் போய்வரும் விமானமா? கரும்புத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் விமானம் ஒரே நாளில் எத்தனை முறை பாரத்தோடு ஏறி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். லேண்டிங் கியர் பொருத்தியிருக்கும் இடத்துக்கு அருகிலோ, இறக்கையின் பாரத்தைத் தாங்கும் நீள உத்தரமான ஸ்பாரை ஒட்டியோ கசிந்தால், பழைய சீலன்டை முழுக்க எடுத்து உலோகத்தைக் கண்ணால் பார்க்காமல் மேற்கொண்டு ஒரு அடியும் வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் சாயச் சோதனையோ, மின்காந்த முறையிலான எடி கரன்ட் சோதனையோ செய்ய வேண்டும். வயதான சீலன்ட் காய்ந்து வெடித்திருந்தால் நிம்மதி, அது சீலன்ட் வேலை மட்டுமே. விரிசல் என்றால் அது உலோக வேலை, வேறு கணக்கு.

படி 4: பழைய ரிப்பேரின் தடயங்கள்

டேங்கின் ஆய்வுத் துளை மூடி ஒன்றைத் திறந்தபோது உள்ளே மூன்று நிறப் பூச்சு பார்த்திருக்கிறேன். அடியில் தொழிற்சாலையின் பழைய பூச்சு, அதன்மேல் யாரோ தடவிய சாம்பல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற சிலிக்கோன். சிலிக்கோனில் தடவியவரின் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. ஓரத்தை நகத்தால் தூக்கினேன், நாடா மாதிரி நீளமாக உரிந்து வந்தது. வேறு எங்கோ, எந்தப் பதிவும் இல்லாமல் செய்த வேலை. பறக்கும்போது அந்த நாடா உரிந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஹார்டுவேர் கடை சிலிக்கோன் பெட்ரோலைத் தாங்காது. ஊறி உப்பி, துண்டு துண்டாகப் பிரிந்து டேங்கின் வாயிலிலுள்ள சல்லடைக்கோ கார்புரேட்டருக்கோ போய்ச் சேரும். வினிகர் வாடை அடிக்கும் வகை அமிலத்தையும் வெளியிடுவதால் அலுமினியத்தையும் அரிக்கும். குழாய் இணைப்புகளில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் நாடாவும் அப்படித்தான், நூலாகப் பிரிந்து உள்ளே போகும்.

பழைய அலுமினிய டேங்குகளுக்குள் திரவ சீலன்டை ஊற்றி, குலுக்கி, சுற்றிலும் படிய விட்டு மிச்சத்தைக் கொட்டும் பழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. வருடங்கள் ஓடியதும், முக்கியமாக ஆல்கஹால் கலந்த கார் பெட்ரோல் பட்டதும், அது தோல் உரிவதுபோல் உரிகிறது. அந்தச் செதில்கள் சல்லடையை அடைத்தால் எஞ்சின் தடுமாறும். தரையில் ஓட்டிப் பார்க்கும்போது சரியாக இருக்கும், முழு வேகத்தில் ஏறும்போது எரிபொருள் போதாமல் போகும். இப்படிப் பூசிய டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோதான் வழி. அதன்மேலேயே இன்னொரு கோட்டிங் கொடுக்காதீர்கள்.

தாராளமாகப் பூசுவதும் சேதம்தான். இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் சட்டங்களான ரிப்களின் அடியில் சின்னச் சின்ன வழித்துளைகள் இருக்கும். பெட்ரோலும் அடியில் தங்கும் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வடிகாலுக்கு வர வேண்டும். சீலன்டை அள்ளி அப்பியவர் அந்தத் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் ரிப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும். காலையில் வடிகாலில் சோதித்தால் சுத்தமாக வரும். மூக்கை உயர்த்தி ஏறும்போது அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குப் போகும். டர்பன் ஈரப்பதத்தில் பாதி காலியாக நிற்கும் டேங்கில் தண்ணீர் சேர்வது சாதாரணம் என்பதால் இதற்கு நான் மிகவும் பயப்படுகிறேன்.

அப்புறம் ரிவெட். கசியும் ரிவெட்டைத் துளைத்தெடுத்து, கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டைப் போட்டிருப்பார்கள். அதன் நடு வெறும் பொந்து. பலமும் போதாது, சீலும் ஆகாது. ஆய்வுத் துளையின் மூடிக்கு, நிரந்தரமாக ஒட்டும் சீலன்டைப் போட்டிருந்தால் அடுத்த முறை கழற்றும்போது நெம்புகோல் வைத்து நெம்பி மூடியும் வளையும், தகட்டின் ஓரமும் வளையும். மூடிகளுக்கென்றே ஒட்டுத்திறன் குறைந்த சீலன்ட் தனியாக இருக்கிறது.

படி 5: காலி செய்தல்

இதில் சமரசமே கிடையாது. ஹேங்கருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், விமானத்தையும் பெட்ரோல் பிடிக்கும் உலோகப் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்து, தரையிணைப்பும் கொடுத்த பிறகே வடிக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவி தூரத்தில் இருக்கும் வெல்டிங் மேடையையோ ஹீட்டரையோ தொடும். மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று வீசும் நாட்களில் காற்று சுத்தமாக உலர்ந்து சூடாகிவிடும், நிலைமின்சாரம் எளிதில் ஏறும். அப்படிப்பட்ட நாளில் இந்த வேலையை நான் ஆரம்பிக்கவே மாட்டேன்.

காலியான டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்து. உள்ளே ஆவி இருக்கிறது. வெடிபாதுகாப்பு உள்ள விளக்கு, காற்றால் சுழலும் விசிறி, ஆவி அளவுமானி மூன்றும் வேண்டும். செல்போனை வெளியே வையுங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கிறது, கையுறை போடுங்கள். அலுமினிய டேங்கை வெல்டு செய்ய வேண்டுமென்றால், "கழுவியாச்சு அண்ணே, காஞ்சுபோச்சு" என்ற பேச்சை நம்பி டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள். தையலுக்குள் தங்கிய துளி சூட்டில் ஆவியாகும். அந்த வேலைக்கென்றே இருக்கும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வெல்டு பிடிக்க உதவும் ரசாயனமான ஃப்ளக்ஸை வெந்நீரால் முழுக்கக் கழுவாவிட்டால், ரிப்பேர் செய்த இடமே முதலில் அரித்துப்போகும்.

படி 6: சுரண்டுதல்

பழைய சீலன்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியவர் அடையாளம் விட்டுச் செல்வார். அலுமினியத் தகட்டின் மேல் தூய அலுமினியத்தாலான மெல்லிய காப்புப் படலம் இருக்கிறது. கீறல் அதைத் தாண்டினால் அரிப்பு ஆரம்பம். ஸ்பாரின் மேல் விழுந்த கீறல் இன்னும் மோசம், விரிசல் தொடங்க அது தோதான இடம். மரத்தாலோ கடினமான பிளாஸ்டிக்காலோ செய்த சுரண்டியைப் பயன்படுத்துங்கள். இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருவேற்றும். நைலான் தேய்ப்பான் போதும். விளிம்பைச் சரிவாகச் சீவி, உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சு வரை போய் நிறுத்துங்கள்.

கடைசித் துடைப்பில் கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது தானாகக் காயும் முன் உலர்ந்த துணியால் எடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படியும், புதுப் பூச்சு அழுக்கின் மேல்தான் ஒட்டும்.

படி 7: பூசுதல், இறுகவிடுதல்

பெரும்பாலான மேனுவல்கள் கேட்பது ஏ.எம்.எஸ்-எஸ்-8802 தரத்திலான பாலிசல்ஃபைடு, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்தால் ரப்பராக இறுகும் சீலன்ட். ஏ வகை பிரஷால் தடவ, பி வகை மூலைகளில் கெட்டியாக வைக்க, சி வகை இரண்டு தகடுகளுக்கு நடுவே. அதன் பின்னால் வரும் எண் எத்தனை மணி நேரம் கையாளலாம் என்பதைக் குறிக்கும். பி-2 என்றால் இரண்டு மணி நேரம், 25 டிகிரியில். முழுதாக இறுக ஏறத்தாழ 72 மணி நேரம்.

இந்த 25 டிகிரி என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். வெப்பம் சுமார் ஐந்தரை டிகிரி ஏறினால் கையாளும் நேரம் பாதியாகும், இறங்கினால் இரட்டிப்பாகும் என்பது உற்பத்தியாளர்கள் தரும் பொதுக் கணக்கு. ஈரப்பதம் அதிகமானால் இன்னும் சுருங்கும். டர்பனின் பிப்ரவரி மத்தியானத்தில் பி-2 கலந்தால் இரண்டு மணி நேரம் கிடைக்காது. இறுக ஆரம்பித்ததை இழுத்துத் தேய்த்தால் பார்க்கப் பூச்சு மாதிரி இருக்கும், உலோகத்தோடு ஒட்டியிருக்காது. விடியற்காலையில் கலந்து, சின்னச் சின்ன அளவாகச் செய்யுங்கள். ஜோகன்னஸ்பர்க் ரேண்ட் விமானத்தளத்தில் ஜூலையில் இதற்கு நேர் எதிர். இரவில் உறைபனி, காற்றும் உலர்ந்தது. பாலிசல்ஃபைடு இறுகவே மாட்டேன் என்று நிற்கும். மூன்று நாள் ஆச்சே என்று பெட்ரோல் ஊற்றினால் இறுகாத பூச்சு கரைந்து சல்லடைக்குப் போகும். அங்கே ஹேங்கரைச் சூடாக்கி நேரத்தையும் கூட்ட வேண்டும். வெப்பக்காற்று கொடுத்தாலும் பரப்பு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கலவையை எடை போட்டுக் கலக்குங்கள், கண் அளவு வேண்டாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாதிரி எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, விமானத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அந்த மாதிரி நகம் பதியாத அளவு ரப்பராக இறுகும் வரை டேங்கை மூடக் கூடாது. மாதிரி இன்னும் பிசுபிசுத்தால் டேங்குக்குள்ளும் பிசுபிசுப்புதான். பூசும்போது வழித்துளைகளிலும், டேங்குக்குள் வெளிக்காற்றை விடும் காற்றுக்குழாய் வாயிலும் சீலன்ட் விழாமல் மறைத்து வையுங்கள், முடிந்ததும் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பாருங்கள்.

பிளாடர் என்றால்

ஒட்டுப் போடுவதை அதற்கென்ற பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ஹேங்கரில் நடக்கும் தவறு மாட்டுவதில்தான். மேலே தாங்கும் கிளிப் ஒன்று மாட்டாமல் போனால் பை தொய்யும், கொள்ளளவு குறையும், அளவுமானி பொய் சொல்லும். அடியில் சுருக்கம் விழுந்தால் அதற்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். பிளாடர் டேங்க் செஸ்னாக்களில் இது பெரிய பிரச்சினையாகி, 1984இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் கட்டாயமான பறப்புத் தகுதி உத்தரவே போட்டது. மாட்டும் முன் உள்ளே கைவிட்டுத் தகட்டின் கூரான விளிம்பு ஒவ்வொன்றும் நாடாவால் மூடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காற்றுக்குழாய் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அடைத்திருந்தால் பை உள்நோக்கிச் சுருங்கிக்கொள்ளும்.

படி 8: அழுத்தச் சோதனை

நல்ல வேலையை நாசம் செய்யும் கடைசி வாய்ப்பு இது. பட்டறைக் கம்பிரசர் குழாயை நேராக டேங்கில் செருகுவார்கள். ஒரு பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம், டயருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் அது சுமார் 700 கிலோ தள்ளுவதற்குச் சமம். தகடு பலூன் மாதிரி உப்பும், ரிவெட் வரிசை இளகும், நேற்றுப் பூசியது விரியும். உப்பிய தகடு பழையபடி திரும்பாது.

மேனுவல் சொல்லும் அளவு மட்டுமே கொடுங்கள். அளக்க கேஜ் வேண்டாம், அவ்வளவு குறைந்த அழுத்தத்தை அது சரியாகக் காட்டாது. தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவத்தில் பலகையில் கட்டி, ஒரு முனையை டேங்கோடு இணைத்து, மறுமுனையைத் திறந்துவிட்டு, நிறத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாயின் இரண்டு கைக்கும் நடுவில் தண்ணீர் மட்டம் 35 சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டினால் அரை பி.எஸ்.ஐ. அழுத்தம் கூடிப்போனாலும் தண்ணீர்தான் வெளியே பீய்ச்சும், இறக்கை தப்பிக்கும். காற்றைக் கொடுத்து வால்வை மூடி, தையல்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். வெயில் பட்டால் உள்ளே காற்று விரிந்து மட்டம் ஏறும் என்பதால் நிழலில் செய்யுங்கள்.

பிறகு பெட்ரோல் நிரப்பி ஒரு இரவு நிற்கவிட்டு, மறுநாள் டால்கம் பவுடர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 9: பதிவும் பின்தொடர்தலும்

லாக்புக்கில் "டேங்க் கசிவு சரிசெய்யப்பட்டது" என்ற ஒரு வரி போதாது. எந்த ரிப், எந்த ரிவெட் வரிசை, காரணம் என்ன, எந்த சீலன்ட், பேட்ச் எண், இறுகிய நேரம், சோதித்த அழுத்தம் எல்லாம் இருக்க வேண்டும். படமும் எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே இடம் திரும்பக் கசிந்தால், அடுத்த பொறியாளர் அதை வெறும் சீலன்ட் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளாமல் ஸ்பாரைத் தேடிப் போவதற்கு அந்தப் பதிவுதான் காரணமாக இருக்கும். பழைய விமானம் வாங்குகிறவர்களும் இந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டும். ஒரே இறக்கைக்கு மூன்று நான்கு முறை கசிவு ரிப்பேர் என்று இருந்தால், மூடிகளைத் திறந்து காட்டச் சொல்லாமல் கைகொடுக்காதீர்கள்.

வேலை முடிந்த விமானம் முதல் சில பறத்தல்களை முடித்து வந்ததும் எரிபொருள் ஃபில்டரையும் கார்புரேட்டர் சல்லடையையும் கழற்றி, வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத் துணுக்கு ஒன்று விழுந்தாலும் டேங்கைத் திரும்பத் திறக்க வேண்டும். நூறு மணி நேரம் பறந்ததும் செய்யும் அடுத்த ஆய்வில் அதே இடத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பார்க்கச் சொல்லி வேலைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.